கறுத்த எண்ணெயும் காய்ந்த பேரிங்கும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர் ஒருவர்)

"கல்லூரி மலருக்கு என்ன எழுதப் போகிறாய்?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். "என்ஜின் ஆயில்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. காதலையும் கண்ணீரையும் பாடுகின்ற ஏட்டில் ஆயிலைப் பற்றி எழுதினால் தாளே வழுக்கிவிடும் என்றார். வழுக்கட்டும். வழுக்குவதற்கென்றே பிறந்த பொருள்தானே அது!

இன்னொரு தோழர் வேறு விதமாகக் கடிந்துகொண்டார். மோட்டார்ப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு, அரசுக் கலைக் கல்லூரி மாணவனுக்கு அதில் என்ன வேலை என்பது அவர் கட்சி. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், அந்தக் காரின் அடியில் மல்லாந்து படுத்து ஆயில் வடிக்கிறவர் நம் வீட்டுப் பிள்ளைதான் என்பது என் கட்சி. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாளிலிருந்தே இதுதான் நிலை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. 2003-இல் எங்கள் கோவைக்கருகே செட்டிப்பாளையத்தில், 1995-ஆம் ஆண்டு விமான விபத்தில் மறைந்த கரிவரதன் அவர்களின் பெயரால் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் வந்தது. பந்தய வீரர் அல்லாதவர்களும் கட்டணம் கட்டித் தம் சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கின்ற காலம் இது. அப்படி ஓட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் என் பெரியப்பா மகன். அந்த அனுபவத்தின் விளைவே இந்தக் கட்டுரை.

அண்ணனிடம் இருந்தது பழைய 1300 சி.சி. பெட்ரோல் கார். மூன்று ஆண்டுச் சேமிப்பில் வாங்கியது. தடத்துக்குப் போகிறோமே என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, இருப்பதிலேயே விலை கூடிய ஆயிலை வாங்கி ஊற்றினார். டப்பாவில் 5 டபிள்யூ-30 என்று போட்டிருந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் என்ற விளம்பரமும் இருந்தது. அது நல்ல எண்ணெய்தான். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. மே மாத வெயிலில் கால் மணி நேரச் சுற்றுகளாக மூன்று முறை ஓடினார். இரண்டாவது சுற்றிலேயே நீண்ட வலப்பக்கத் திருப்பத்தில் ஆயில் விளக்கு ஒரு கணம் சிமிட்டியிருக்கிறது. "ஒயரிங் லூசா இருக்கும்" என்று அவரே தமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது சுற்றில் என்ஜினுக்குள்ளிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் தாய்மாமனின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

மாமா என்ஜினைப் பிரிக்கவில்லை. முதலில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கீழ்க் கோட்டை ஒட்டி இருந்தது எண்ணெய். பிறகு ஃபில்டரைக் கழற்றி, தகட்டை அறுத்து, உள்ளிருந்த காகித மடிப்பை விரித்து வெயிலில் காட்டினார். செம்பு நிறத்தில் பொடிப் பொடியாக மின்னியது.

"மாப்ளே, இதென்ன தங்கமுன்னு நெனைச்சியா? ராட் பேரிங்கு. காசைக் கொடுத்து நல்ல எண்ணெய் வாங்குனே, சரி. அது எத்தனை இருக்குதுன்னு ஒரு தடவை பாத்தியா?"

"இல்லீங்க மாமா."

"வெளக்கு எரிஞ்சுதா?"

"ஒரே ஒரு தடவைங்க."

"ஒரு தடவை போதும்."

அண்ணன் அன்று பேசாமல் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான், நாம் வகுப்பில் மனப்பாடம் செய்து எழுதும் 'பாகுநிலை' என்ற சொல்லுக்கு எத்தனை விலை என்று எனக்குப் புரிந்தது.

பாகுநிலை! எவ்வளவு அருமையான சொல். வெல்லப் பாகிலிருந்து வந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் அம்மா ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பதம் பார்ப்பார். எங்கள் பட்டறைகளிலும் இதே பழக்கம் உண்டு. ஆயிலைத் தொட்டு இரு விரலால் தேய்த்து, "கெட்டியா இருக்கு, நல்லா ஓடும்" என்பார்கள். அம்மாவின் விரல் பொய் சொல்லாது. ஏனென்றால் பாகு அவர் விரலில் இருக்கும் பதத்திலேயே பயன்படப் போகிறது. மெக்கானிக்கின் விரல் பொய் சொல்லும். விரலில் இருக்கும்போது எண்ணெயின் வெப்பம் 35 டிகிரி. தடத்தில் ஓடும் என்ஜினில் அது 120, 130 டிகிரியைத் தொடும். 35 டிகிரியில் கெட்டியாகத் தோன்றுவது 130-இல் தண்ணீர் போல் ஓடலாம். கையில் இளகலாகத் தோன்றுவது அங்கே நின்று தாங்கலாம்.

டப்பாவின் மேலுள்ள எண்களைப் படிக்கத் தெரிந்தால் இந்த மயக்கம் பாதி தீரும். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. 1911-இல் தொடங்கிய முறை அது. 10 டபிள்யூ-40 என்றால் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் கிளம்பும் திறனைச் சொல்வது. பொள்ளாச்சிச் சாலையில் பனியில் உறைந்து நிற்கப் போவதில்லை. ஆகவே நமக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. பின்னால் உள்ள எண்தான் நமக்கு வேண்டியது. 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை பாகுநிலை இருந்தால் அது 30. 12.5 முதல் 16.3 வரை என்றால் 40. அதற்கு மேல் 21.9 வரை 50.

இதோடு நின்றுவிடக் கூடாது. கிராங்க் தண்டும் பேரிங்கும் சேரும் இடத்தில் எண்ணெய் சும்மா இருப்பதில்லை. மயிரிழையின் சிறு பங்கு கனமுள்ள படலமாக நசுங்கிக் கடும் வேகத்தில் அறுபட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையைப் போலச் செய்து 150 டிகிரியில் அளக்கும் இன்னொரு பாகுநிலை உண்டு. 30-ஆம் எண் எண்ணெய்க்கு அது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல் விநாடி இருந்தால் போதும் என்கிறது விதி. 10 டபிள்யூ-40-க்கு 3.5 இருக்க வேண்டும். ஐரோப்பியக் கார்த் தயாரிப்பாளர் சங்கத்தின் ஏ3/பி4 முத்திரை பெற்ற எண்ணெய், 30-ஆம் எண்ணாகவே இருந்தாலும், 3.5-க்குக் குறையக் கூடாது. ஆகவே ஒரே எண் பொறித்த இரண்டு டப்பாக்களுக்குள் இரண்டு குணமுள்ள எண்ணெய் இருக்க முடியும். தடத்துக்குப் போகும் சாதாரணக் காருக்கு இந்த 3.5-ஐத்தான் நான் முதல் கேள்வியாகக் கேட்பேன். விலையைக் கடைசியாகக் கேட்பேன். கம்பெனிப் பெயரைக் கேட்கவே மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். போலி டப்பாக்கள் உலவும் நாட்டில் அப்படிச் சொல்வது வீரமாகாது. தெரிந்த கடையில், முத்திரை உடையாததை வாங்க வேண்டும்.

அப்படியானால் 20 டபிள்யூ-50 ஊற்றிவிட்டால் கவலையே இல்லையே என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து என்ஜின்களுக்கு அது பொருந்தியது. இன்றும் சிலவற்றுக்குப் பொருந்தும். ஆனால் இக்காலத்து என்ஜினின் இடைவெளிகள் நெருக்கமானவை. மிகக் கெட்டியான எண்ணெய் காலையில் கிளம்பும்போது மெல்ல ஏறும். ஃபில்டருக்குள் நுழைய முடியாமல் மாற்று வழி வால்வைத் திறந்துகொண்டு வடிகட்டப்படாமலே போகும். உள் உராய்வினால் தானே சூடாகும். அழுத்தமானி உயர்ந்து நிற்பதைப் பார்த்து மகிழ்கிறோம். அழுத்தம் என்பது தடையின் அளவு, ஓட்டத்தின் அளவன்று. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தாலும் அழுத்தம் உயரத்தான் செய்யும், குடம் நிறையாது. காருடன் வரும் கையேட்டில் வெப்பநிலைப் பட்டியல் ஒன்று இருக்கும். அது அனுமதிக்கும் எண்களில் வெப்பத்துக்கு ஏற்ற மேல் எண்ணைத் தேர்ந்தெடுப்பதே முறை. அண்ணன் காரின் கையேட்டிலும் 40 இருந்தது. யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. 'விளக்கெண்ணெய்' என்று நாம் ஒருவரை ஏசுகிறோமே, அந்த ஆமணக்கு எண்ணெய் ஒரு காலத்தில் பந்தய உலகின் அரசன். வேக்ஃபீல்டு என்பவர் 1899-இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம், 1909-இல் ஆமணக்கெண்ணெய் கலந்து ஓர் எண்ணெயை வெளியிட்டது. ஆமணக்குக்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர்'. அதிலிருந்து வந்த பெயரே காஸ்ட்ரோல். முதல் உலகப் போரின் சுழல் என்ஜின் விமானங்கள் இந்த எண்ணெயில்தான் பறந்தன. பெட்ரோலில் எளிதில் கரைந்துவிடாது என்பது அதன் சிறப்பு. கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளும். குறை என்னவென்றால், நாளடைவில் பிசினாகிப் பிஸ்டன் வளையங்களை ஒட்டிவிடும். அடிக்கடி என்ஜினைப் பிரித்துத் துடைக்க வேண்டும். இனி யாரையும் விளக்கெண்ணெய் என்று ஏசுமுன் கொஞ்சம் யோசிக்கலாம்.

நிற்க. எண்ணெயை எப்போது மாற்றுவது என்பதில்தான் எனக்கும் பலருக்கும் பெரிய சண்டை. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். தடத்தில் ஒரு நாள் முழுதும் ஓடினாலும் நான்கு கால் மணிச் சுற்றுகள், மொத்தம் ஒரு மணி நேரம், ஏறக்குறைய 90 கிலோமீட்டர். "90 கிலோமீட்டருக்கு ஆயில் மாற்றுவதா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் எண்ணெய்க்குக் கிலோமீட்டர் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெப்பமும் நேரமும்தான்.

வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று முதலாண்டிலேயே படித்தோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்கினோம், பிறகு மறந்துவிட்டோம். எண்ணெய் காற்றுடன் சேர்ந்து கெடுவதும் ஒரு வினைதானே? 100 டிகிரியில் ஓடும் எண்ணெயை 130-க்கு ஏற்றினால் இரண்டு, நான்கு, எட்டு. தடத்தில் ஒரு மணி நேரம் சாலையில் எட்டு மணி நேரத்துக்குச் சமம். 140 என்றால் பதினாறு. இது தோராயக் கணக்குத்தான். ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

வெப்பம் மட்டுமன்று. 10 டபிள்யூ-40 போன்ற எண்ணெயில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சேர்த்திருக்கிறார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெயைத் தாங்கும். அதிக வேகத்தில் பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே அறுபட்டு அறுபட்டு இந்தச் சங்கிலிகள் துண்டாகின்றன. முழு ஆக்ஸிலேட்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோலும் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே வடிந்து கலக்கிறது. 12.5-க்குக் கீழே இறங்கிய அந்த எண்ணெய் உண்மையில் 30-ஆம் எண். டப்பா மட்டும் 40 என்று சொல்லிக்கொண்டிருக்கும். தேய்மானத்தைத் தடுக்கச் சேர்த்திருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருளும் செலவாகிக்கொண்டே வரும்.

"கறுத்துவிட்டதே, கெட்டுவிட்டது" என்பது இன்னொரு மூடநம்பிக்கை. கரியைக் கழுவித் தன்னுள் மிதக்கவிடுவது எண்ணெயின் கடமை. கறுக்காத எண்ணெய்தான் சில வேளை ஐயத்துக்குரியது. நிறத்தை வைத்து எண்ணெயை மதிப்பிடுவதும், நிறத்தை வைத்து மனிதனை மதிப்பிடுவதும் ஒரே வகை அறியாமை என்று எங்கள் மாமா அடிக்கடி சொல்வார். அவரும் நல்ல கறுப்பு.

என் கருத்து இதுதான்: தடத்தில் மூன்று நான்கு மணி நேரம் ஓடியதும், கிலோமீட்டர் எதுவானாலும், எண்ணெயையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். செயற்கை எண்ணெய் அல்லாத சாதாரண எண்ணெய் என்றால் ஒரே நாளோடு சரி. வசதியுள்ளவர்கள் பழைய எண்ணெயில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி இரும்பு, செம்பு, ஈயம், கலந்த பெட்ரோல், எஞ்சிய பாகுநிலை ஆகியவற்றை அளந்து தம் காருக்கென்று கணக்கு வகுத்துக்கொள்ளலாம். அப்போது என் கருத்து தேவைப்படாது. அளந்தவர் சொல்லே செல்லும்.

இத்தனைக்கும் மேலாக ஒன்றுண்டு. அண்ணன் என்ஜினைத் தின்றது எண்ணெயின் எண்ணைவிட எண்ணெயின் அளவுதான் என்று நம்புகிறேன். ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் திருப்பத்தில் உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் நீரின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். நல்ல டயர் பூட்டிய கார் தடத்தில் அந்த அளவை நெருங்கும். சம்ப்பில் இருக்கும் மூன்று சொச்சம் லிட்டர் எண்ணெய் அத்தனையும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, நடுவிலுள்ள உறிஞ்சு குழாய் காற்றைக் குடிக்கும். அளவு கீழ்க் கோட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆயில் விளக்கு எரிவது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான். அது எச்சரிக்கை விளக்கன்று, இழவுச் செய்தி. உயர்ந்த விலை எண்ணெயாக இருந்தால் என்ன, மலிவு எண்ணெயாக இருந்தால் என்ன? பேரிங்குக்கு வந்து சேராத எண்ணெய்க்குப் பாகுநிலை ஏது?

எனவே சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் வடியவிட்டு, மேல்கோடு வரை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பார்க்க வேண்டும். மேல்கோட்டைத் தாண்டவும் கூடாது. கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும், நுரை எதையும் தாங்காது. சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைத்துக்கொள்வது, விளக்கை நம்பாமல் அழுத்தமானியும் வெப்பமானியும் பூட்டிக்கொள்வது ஆகிய இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு கிராங்க் தண்டின் செலவில் சிறு பகுதி. ஆயிரம் சுழற்சிக்குப் பத்து பவுண்டு அழுத்தம் என்பது பட்டறைகளில் வழங்கும் பழைய கணக்கு. வெப்பமானி 130-ஐத் தாண்டினால் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். முந்திப் போகிறவர் போகட்டும்.

மாற்றும் வேலை பெரிய வித்தையன்று. ஆனால் பொறுமை வேண்டும். எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கையில் வடிக்க வேண்டும். கொதிக்கையில் வடித்தால் கை வெந்துவிடும், ஆறிய பின் வடித்தால் அடிமண்டி தங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை வைக்காதீர்கள். முட்டுத் தாங்கி கட்டாயம் வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். வடிப்பு போல்ட்டுக்குப் புது வாஷர். ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும். பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் புதியதைப் பூட்டினால் முதல் சுற்றிலேயே தடம் முழுதும் எண்ணெய் தெளித்துப் பின்னால் வருகிறவரையும் கவிழ்ப்பீர்கள். பழைய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாமல் செம்பாக மின்னினால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டுகிறார்கள்; வேலிக் கம்பத்துக்குப் பூசுகிறார்கள்; சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறார்கள். எங்கள் பட்டறை வாசலிலும் ஒரு காலத்தில் மண் கறுத்துத்தான் கிடந்தது. அடிக்கடி மாற்றுங்கள் என்று எழுதும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் குற்றவாளி ஆவேன். அடிக்கடி மாற்றினால் அடிக்கடி கழிவும் சேரும். அதில் ஈயம் முதலான உலோகங்களும் கரியும் இருக்கின்றன. தோலுக்கும் ஆகாது, நிலத்தடி நீருக்கும் ஆகாது. நொய்யல் ஏற்கெனவே குடித்திருக்கும் கழிவு போதும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் சேர்க்க வேண்டும். மாமா இப்போது பீப்பாயில் சேர்த்து வைக்கிறார். எடை போட்டு வாங்கிப் போகிறார்கள், காசும் கிடைக்கிறது.

அண்ணன் எட்டு மாதம் காரைத் தொடவில்லை. இப்போது வேறு என்ஜின் இறக்கிப் பூட்டியாகிவிட்டது. தடுப்புத் தகடு வைத்த சம்ப், இரண்டு மானிகள், 10 டபிள்யூ-40. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் போகிறோம். அளவுக் கம்பி பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை இயற்பு வேதியியல் உள்தேர்வு. பேராசிரியர் அவர்கள் விரல் நகத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம்; சோப்புப் போட்டும் போகவில்லை, ஐயா.